கூட்டாமல் குறைக்காமல்

"அவன் என்னப் பாத்து 'போடி பன்னி'ன்னு திட்டினான். இத இன்டைரக்ட் ஸ்பீச்ல எப்படி டீச்சர் எழுதுறது?"

சனிக்கிழமை வகுப்பில் வாணி என்ற பெண் இப்படிக் கேட்டாள். பாடத்தின் மேல் ஆசை வந்து கேட்ட கேள்வி இல்லை. என்னை வம்புக்கு இழுக்கும் கேள்வி. பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேல்மாடியில் என் டியூஷன் நடக்கிறது. ஆங்கில இலக்கணம்தான் எனக்குச் சோறு போடுகிறது. இதற்கெல்லாம் அமுதவள்ளி டீச்சர் அசந்துவிடுவாளா?

"திட்டின வார்த்தைய அப்படியே எழுதக்கூடாது. 'அவன் தன் அதிருப்தியைத் தெரிவித்தான்'னு எழுது. மேற்கோள் குறி போச்சு, பன்னியும் போச்சு. மரியாத வந்துடுச்சு, அவ்வளவுதான்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. வாணி மட்டும் உட்காரவில்லை.

"அப்ப திட்டினவன் தப்பிச்சிட்டானே டீச்சர்!"

"மொதல்ல நீ உக்காரு, மத்தத அப்புறம் பாப்போம்" என்று அடக்கிவிட்டேன். அடுத்த வாரமே அந்தக் கேள்வி கிள்ளானில் என் முன்னால் வந்து நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

புதன்கிழமை கிருஷாந்த் போன் செய்தான். என் பழைய மாணவன். யாழ்ப்பாணத் தமிழர் வீட்டுப் பிள்ளை. தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம், வீட்டில் புழங்குவது ஆங்கிலம். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுவான். இப்போது கிள்ளானில், காப்பார் சாலைப் பக்கம், சில்லி சாஸைப் பாட்டிலில் அடைக்கும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். அதிகாரி.

"டீச்சர், ஒரு ஹெல்ப் வேணும். எங்க ஃபேக்டரில மாரியாயின்னு ஒரு ஆன்டி. சூப்பர்வைசர கண்டபடி திட்டிட்டாங்க. வெள்ளிக்கிழம அவங்களுக்கு என்கொயரி. அவங்களுக்கு இங்கிலீஷ் வராது. நீங்க வந்து இன்டர்பிரெட் பண்ணணும்."

என்கொயரி என்றால் போலீஸ் விசாரணை இல்லை. ஊழியர் மேல் குற்றம் சாட்டிக் கம்பெனியே தன் கட்டடத்துக்குள் நடத்திக்கொள்ளும் விசாரணை. குற்றம் உறுதியானால் அன்றோடு வேலை போய்விடும்.

"இத்தன நாளு தமிழ் ஆளுங்களுக்கு யாருடா பேசுனா?"

"சூப்பர்வைசர் பரமேஸ்வரன்தான் டீச்சர். இந்தத் தடவ கம்ப்ளைன் பண்ணதே அவருதானே, அதான்…"

"நல்ல கதை போ! பாலுக்குப் பூனை காவலா?"

அவன் அசடு வழியச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த ஆன்டி கொஞ்சம் ரஃப்பா பேசுவாங்க. நீங்க அப்படியே சொல்ல வேணாம் லா. 'ஷி செட் தட், ஷி செட் தட்'னு சுருக்கமா, நைஸா சொல்லிடுங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே!"

நான் சொல்லிக் கொடுத்ததுதான். வெள்ளிக்கிழமை காலை கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போகும்போது, அவன் போனில் அனுப்பியிருந்த குற்றப்பத்திரிகையைப் படித்தேன். மாரியாயி திட்டியதை ஆங்கிலத்தில், மேற்கோள் குறிக்குள், ஒரு கமாவைக்கூட விடாமல் எழுதியிருந்தான். "நாயே, உன்னைப் பெத்தவ ஒண்ணுக்குப் போகாமலா உன்னை வளத்தா? இந்த சாஸை அள்ளி உன் வாயில ஊத்தினாத்தான் நீ அடங்குவே!"

சரி, இவ்வளவு கோபம் வர அந்த சூப்பர்வைசர் என்னதான் சொன்னான்? அதற்கும் ஒரு வரி இருந்தது. 'இடைவேளை நேரங்களைக் கடைப்பிடிக்குமாறு மேற்பார்வையாளர் அவருக்கு அறிவுரை கூறினார்.'

"அடப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எதிர் இருக்கை மலாய்ப் பெண்மணி திடுக்கிட்டுத் தலை தூக்கினார். அறிவுரை சொன்னவனைப் பார்த்து எந்தப் பொம்பளை நாயே என்பாள்? அவள் வார்த்தைக்கு மட்டும் மேற்கோள் குறி, அவன் வார்த்தைக்குப் பவுடர் பூசிப் பொட்டு வைத்த அயற்கூற்று. என் பாடத்தில் ஒரு குறையும் இல்லை. அதை இந்தப் பயல் கொண்டுபோய் வைத்த இடம்தான் விளங்காத இடம்.

ஃபேக்டரி வாசலிலேயே மிளகாய் நெடி கண்ணைக் கரித்தது. மாடியில் விசாரணை அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாரியாயி அக்கா உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு. நகக்கண்ணில் சாஸின் சிவப்பு ஏறியிருந்தது. நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நீங்கதான் எனக்குப் பேசப்போற டீச்சரா?"

"ஆமாக்கா. நீங்க சொல்றத இங்கிலீஷ்ல சொல்லுவேன். மலாய்ல பேச வராதா உங்களுக்கு?"

"பாசார்ல மீன் வாங்குற மலாய வச்சிக்கிட்டு எங்க டீச்சர் வாதாடுறது?"

"அன்னிக்கு அந்த ஆளு அப்படி என்னதான்கா சொன்னான்?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விடுங்க டீச்சர். அத வாயால சொல்ல முடியாது. மானந்தான் போயிடுச்சு, வேலையாவது நிக்கணும். அம்பத்தேழு வயசுல வேற எவன் எனக்கு வேல குடுப்பான்?"

உள்ளே ஏர்கான் குளிரில் நாங்கள் ஐந்து பேர். விசாரணைத் தலைவர் மிஸ்டர் லிம், பெட்டாலிங் ஜெயா தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். கம்பெனி சார்பில் கிருஷாந்த். அவனுக்கு அந்தப் பக்கம் பரமேஸ்வரன். செண்ட் வாசனை, இஸ்திரி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத திமிர். இந்தப் பக்கம் அக்காவும் நானும். மேசை நடுவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி, சின்னச் சிவப்பு விளக்கோடு.

"இந்த அறையில் தமிழில் பேசப்படும் எல்லாவற்றையும், யார் பேசினாலும், கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எல்லாம் பதிவாகிறது. சம்மதமா?" என்று லிம் என்னைக் கேட்டார். எல்லா விசாரணையிலும் ஒப்பிக்கும் வாசகம் போலிருக்கிறது, தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சம்மதம்" என்றேன். நான் ஒப்புக்குச் சொல்லவில்லை.

பரமேஸ்வரன் முதலில் பேசினான். வழவழப்பான ஆங்கிலம். "ஐ அட்வைஸ்ட் ஹர், சார். வெரி நைஸ்லி" என்றான். அறிவுரை சொன்னதற்கு இப்படி அசிங்கப்படுத்திவிட்டாள், இவளைச் சும்மா விட்டால் நாளைக்குப் பாட்டில் லைனில் ஒருவரும் தன்னை மதிக்க மாட்டார்கள் என்று முடித்தான். அக்காவுக்கு அதை அப்படியே தமிழில் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அடுத்து கிருஷாந்த் மேற்கோள் குறிக்குள் இருந்ததை உரக்க வாசித்தான். "இப்படிச் சொன்னீர்களா?"

"சொன்னேன்" என்றார் அக்கா.

"ஐ செட் இட்" என்றேன் நான்.

கிருஷாந்த் நெளிந்தான். லிம் புருவத்தை உயர்த்தினார். "அவர் சொன்னார் என்கிறீர்களா?"

"அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன், மிஸ்டர் லிம். கோர்ட்டிலும் அப்படித்தான். கூட்டாமல் குறைக்காமல் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அவர் தலையாட்டினார். "ஏன் அப்படித் திட்டினீர்கள்?"

"அவரு அசிங்கமா பேசினாரு."

"என்ன பேசினார்? சரியான வார்த்தை வேண்டும்."

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். பரமேஸ்வரன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். இவள் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். மானத்துக்குப் பயந்தவர்களை மானத்தாலேயே அடிப்பது இந்த மாதிரி ஆட்களுக்குக் கைவந்த கலை. எனக்கு உள்ளுக்குள் எண்ணெயில் விழுந்த கடுகாய் வெடித்தது. ஆனால் அந்த அறையில் எனக்கென்று ஒரு வாய் கிடையாது.

"பதில் இல்லை, மிஸ்டர் லிம். மேலே போகலாம்" என்றான் கிருஷாந்த் ஆங்கிலத்தில். அதைத் தமிழில் அக்காவுக்குச் சொன்னேன். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நான் சொன்னா நீங்க மாத்தாம சொல்லுவீங்களா? நாகரிகம் பாத்து முழுங்கிட மாட்டீங்களே?"

"ஒரு எழுத்து மாத்த மாட்டேன்கா."

இந்த இரண்டையும்கூட லிம்முக்கு ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இனிப்பு நீரு வியாதி இருக்கு. அடிக்கடி ஒண்ணுக்கு வரும். அது இவருக்கும் தெரியும், டாக்டர் சீட்டு குடுத்திருக்கேன். அன்னிக்குக் கேட்டேன், டார்கெட் முடியட்டும்னாரு. மறுபடி கேட்டேன், காதுலயே வாங்கல. முடியாம திரும்பவும் போயி நின்னேன். லைனே திரும்பிப் பாக்குற மாதிரி கத்தினாரு. 'கெழட்டு மாடே, ஒழுவுதுன்னா டயாப்பர் கட்டிக்கிட்டு வேலைக்கி வா! இல்லன்னா நின்ன எடத்துலயே போ, கழுவி விட ஆளு இருக்கு!' அப்புறம்…" விரலில் சுற்றியிருந்த தலைப்பை உருவிவிட்டார். "அப்புறம் நின்ன எடத்துலயே போயிடுச்சு. காலெல்லாம் நனஞ்சி போச்சு. என் மக வயசுப் பிள்ளைங்கல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிதுங்க. இவரு கையத் தட்டிச் சிரிச்சாரு. அதுக்கப்புறந்தான் நான் வாயத் தொறந்தேன்."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய வார்த்தைகளா இவை? ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பயலின் வார்த்தைகள் வந்ததும், அவனைப் பார்த்து, அவன் கத்திய மாதிரியே கத்தினேன். மாடு, டயாப்பர், நின்ற இடத்திலேயே போ, எதையும் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு கிளார்க்குகள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! லைன் முழுக்கக் கேட்டது ஆபீசுக்கும் கேட்கட்டும்.

பரமேஸ்வரனின் முகம் சாஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

"ஏய் மாரியாயி, பொய் சொல்லாத! டயாப்பர்னு மட்டுந்தான் சொன்னேன், அதுவும் ஜோக்குக்கு! நின்ன எடத்துலயே போன்னு நானா சொன்னேன்? சிரிச்சேன், ஆமா சிரிச்சேன், எல்லாருந்தான் சிரிச்சானுங்க!"

அறிவுரை என்றால் இவர்களுக்கு ஆங்கிலத்தில் வரும். ஆத்திரம் வந்தால் தாய்மொழிதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? அவன் மூச்சு வாங்குவதற்குள் நான் லிம் பக்கம் திரும்பி, அவன் சொன்னதையும் 'ஐ' போட்டே சொல்லி முடித்தேன். "ஏய் மாரியாயி, பொய் சொல்லாதே! டயாப்பர் என்று மட்டும்தான் நான் சொன்னேன். அதுவும் ஜோக்குக்கு. நின்ற இடத்திலேயே போ என்று நானா சொன்னேன்? சிரித்தேன், ஆமாம் சிரித்தேன், எல்லோரும்தான் சிரித்தார்கள்."

லிம்மின் பேனா நின்றது. "வெரி நைஸ்லி?" என்று அவனைக் கேட்டார்.

"இப்போது தமிழில் பேசியது அவளுக்குச் சொன்னது, சார்! விசாரணைக்குச் சொன்னதில்லை!" என்று ஆங்கிலத்தில் அலறினான் பரமேஸ்வரன்.

கிருஷாந்த் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் காதருகே வந்தான். பக்கத்தில் இருக்கும் லிம்முக்குப் புரியக் கூடாதென்று, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கிசுகிசுத்தான்.

"டீச்சர், ப்ளீஸ் லா, அத விட்டுடுங்க. அவரு அப்படி பேசினாருன்னு எனக்கும் முன்னாடியே தெரியும். பெருசா ஆக்காதீங்க. மேட்டர் முடிஞ்சிடும்."

பள்ளியில் மூன்றாம் பாரம் படித்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த பிள்ளை. தீபாவளி தவறினாலும் எனக்கு முறுக்கு டப்பா தவறாது. மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனால் முன்னாடியே தெரியுமாமே! தெரிந்துகொண்டுதானே அறிவுரை என்று எழுதினான்?

"மிஸ்டர் லிம்," என்றேன், "இப்போது தமிழில் பேசியவர் கிருஷாந்த். அவர் பேசியது இது." சொன்னேன். 'டீச்சர்' முதல் 'முடிஞ்சிடும்' வரை. 'லா' மட்டும் ஆங்கிலத்திலும் லாதான்.

கிருஷாந்த் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். லிம் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடைவேளை என்று சொல்லிவிட்டு, கிருஷாந்தைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லிம் பேசிக்கொண்டே இருந்தார், அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்ததும் லிம் சொன்னார். பரமேஸ்வரனின் நடத்தையைக் கம்பெனி தனியாக விசாரிக்கும். மாரியாயி பேசியதும் சரியில்லை, ஆனாலும் வேலைநீக்கம் இல்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். ஒரே ஒரு நிபந்தனை. இங்கே, இப்போதே, பரமேஸ்வரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அக்காவிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மன்னிப்பா? மாட்டேன். ஒண்ணுக்குப் போகணும்னு கேட்டேன், அது குத்தமா? இவன நாயின்னு சொன்னதுக்கு வேணும்னா அந்த நாய்கிட்ட மன்னிப்பு கேக்குறேன். இவன்கிட்ட கேக்க மாட்டேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழியை உடைப்பார்கள்? வேலையாவது நிற்கணும் என்று காலையில் சொன்னது இதே வாய்தானே! 'ஷி செட் தட் ஷி வாஸ் சாரி.' ஒரே வாக்கியம், வேலை நிலைத்துவிடும். யார் மறுக்கப் போகிறார்கள்? கிருஷாந்த் அந்த வாக்கியத்துக்காக என்னைக் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தான். பரமேஸ்வரனுக்கும் அது லாபம்தான், மூச்சு விட மாட்டான். ஒரு சொல்லைப் பூசி மெழுகி ஒருத்தியின் சோற்றைக் காப்பாற்றுவது பாவமா? சத்தியமாக எனக்கு நாக்கு வரை வந்துவிட்டது.

"அக்கா, யோசிச்சித்தான் சொல்றீங்களா? வேல போயிடுங்கா."

"தெரியும். மாத்த மாட்டேன்னு சொன்னீங்களே டீச்சர்!"

அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை நாக்கிலிருந்து துப்பிவிட்டு லிம்மைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டேன் என்றதை, குற்றமா என்று கேட்டதை, நாயிடம் வேண்டுமானால் மன்னிப்புக் கேட்பதை, வேலை போகும் என்று நான் பயமுறுத்தியதை, தெரியும் என்று அவர் சொன்னதை. நாய் வந்த இடத்தில் லிம் இருமினார். இருமலா சிரிப்பா என்று எனக்குத் தெரியாது.

"அதாவது, தான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று அவர் சொல்கிறார்" என்றார் லிம்.

"இல்லை, மிஸ்டர் லிம்" என்றேன். "ஐ வில் நாட்."

அக்காவுக்கு அந்த ஆங்கிலம் புரிந்திருக்க வேண்டும். அவரே ஒரு தடவை சொன்னார், லிம்மின் முகத்தைப் பார்த்து, "ஐ வில் நாட்." அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

லிம் ஒலிப்பதிவை நிறுத்தினார். தாளில் எழுதியிருந்த ஒரு வரியை அடித்தார். "திங்கட்கிழமை காலை ஷிப்டு. நிபந்தனை இல்லை" என்றார். பிறகு பரமேஸ்வரனைப் பார்த்து, "நீங்கள் போக வேண்டாம், உட்காருங்கள்" என்றார். லிம் நல்லவரா கெட்டவரா, நானறியேன். இந்தப் பதிவு லேபர் ஆபீசுக்குப் போனால் யார் தலை உருளும் என்று தெரிந்தவர். எங்களுக்கு அது போதும்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி கின்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. கையை விட்டுவிட்டு நடைபாதைக் கோடிக்கு விறுவிறுவென்று நடந்தார்.

"எங்கக்கா போறீங்க? படி இந்தப் பக்கம்!"

"ஒண்ணுக்கு" என்றார் திரும்பாமலே. "எவன்கிட்டயும் கேக்கல."

கோடியில் இருந்த கதவில் 'நிர்வாகத்தினருக்கு மட்டும்' என்று பித்தளைப் பலகை பளபளத்தது. அக்கா தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

கிருஷாந்த் ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது. "டீச்சர், அது மேனேஜ்மெண்ட் டாய்லெட். லைன் ஆளுங்களுக்கு கீழதான்…"

"உள்ள ஆளு இருக்கு. நில்லு."

அவன் நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் டீச்சர்?"

"அவங்களுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ, அவ்வளவு நேரம்."